சட்டைப்பையில் வைத்த ஐந்நூறு ரூபாய்

கேள்வி: தாராபுரம் பக்கம் எங்கள் ஊர். தங்கைக்கு 1994-இல் திருமணம் நடந்தது. 1998-இல் அப்பா இறந்தபின், பாட்டன் வழி வந்த தோட்டத்தைத் தம்பியும் நானும் பிரித்துக்கொண்டோம். தங்கை கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். என் பங்கு புறவழிச் சாலையை ஒட்டி அமைந்ததால் பின்னாளில் பெரிய விலைக்குப் போனது. கடன் கேட்பார்கள் என்று சொந்தத்தில் யாரிடமும் சொல்லவில்லை. விசேஷங்களுக்குக்கூட, காரைத் தாராபுரத்தில் விட்டுவிட்டுப் பேருந்தில்தான் போவேன். சென்ற மாதம் தம்பி பேத்தியின் காதுகுத்தில், வசதியான சம்பந்தி வீட்டாரை உட்கார வைத்துவிட்டு, "அண்ணா, அடுத்த பந்தியில உக்காந்துக்கலாங்க" என்று என்னைத் தம்பி நிறுத்திவிட்டான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் தங்கை மட்டும், கிளம்பும்போது வழிச்செலவுக்கென்று ஐந்நூறு ரூபாயைச் சட்டைப்பையில் வைத்தாள். மறுத்தால் சந்தேகம் வரும் என்று வாங்கிக்கொண்டேன். அடுத்த விசேஷத்தில் என் வசதியைக் காட்டித் தம்பிக்குப் புத்தி புகட்டலாமா?

பதில்: பந்தியில் காக்க வைக்கப்பட்டவர்களின் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. உங்கள் தம்பி செய்தது மரியாதைக் குறைவுதான். அதற்கு மேல் அதில் பேச ஒன்றும் இல்லை. "மறுத்தால் சந்தேகம் வரும்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, என்னால் அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

அந்த ஐந்நூறு ரூபாய் எப்படி வந்தது என்று நினைத்துப் பார்த்தீர்களா? ஒவ்வொரு பனியனாக விரித்து, தையல் விட்டிருக்கிறதா, கறை படிந்திருக்கிறதா, ஓட்டை விழுந்திருக்கிறதா என்று நாள் முழுவதும் கண் வலிக்கப் பார்க்கும் வேலை அது. ஷிஃப்ட் கணக்கில்தான் கூலி. ஆர்டர் குறைந்தால் அதுவும் குறையும். அப்படிச் சம்பாதித்த பணத்தை, அண்ணன் பந்திக்கு வெளியே நின்றதைக் கண்டு மனம் பொறுக்காமல் அவர் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அந்த நேரத்தில் உங்களுக்கு வந்த கவலையோ, வேஷம் கலைந்துவிடக் கூடாதே என்பது. இதற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டும்.

கடன் கேட்பவர்களிடமிருந்து பணத்தைக் காத்துக்கொள்ள எவருக்கும் உரிமை உண்டு. அந்த அச்சத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் தங்கை கடன் கேட்டதாகக் கடிதத்தில் எங்கும் இல்லையே! அவர் கொடுத்ததைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள், அதுவும் இரண்டு முறை. "கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள்" என்று அரை வரியில் முடித்துவிட்டீர்களே, அதுதான் முதல் முறை. 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம், அன்று திருமணமாகாதிருந்த மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் மகனுக்கு நிகரான பங்கைப் பிறப்புரிமையாக்கியது. 1994-இல் மணமான உங்கள் தங்கைக்கு அந்தத் தோட்டத்தில் உங்களுக்கு இருந்த அதே உரிமை இருந்தது. பங்கை விட்டுக்கொடுத்ததாக எழுதி முறைப்படி பதிவான விடுதலைப் பத்திரம் பெரும்பாலும் நீதிமன்றத்தில் நிற்கும் என்பதால், உங்களைச் சட்டம் கேள்வி கேட்காமல் போகலாம். நான் கேட்கிறேன். நம் ஊர்களில் எத்தனையோ பெண்கள் அந்தக் கையெழுத்தைப் போடுவது, நாளைக்குப் பிறந்த வீட்டுக் கதவு சாத்தப்பட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான். அப்படிக் கொடுத்தவரிடமா அதன் விலையை மறைத்தீர்கள்?

தம்பிக்கு நீங்கள் எதையும் காட்ட வேண்டியதில்லை. தோட்டம் என்ன விலைக்குப் போனது என்பதைத் தங்கையிடம், அவருடைய கணவரும் உடன் இருக்கும்போது சொல்லுங்கள். அவருக்கு வந்திருக்க வேண்டியதைக் கணக்கிட்டு வங்கி வழியாகக் கொடுங்கள். உடன்பிறந்தவர் தரும் பணத்துக்கு அவர் வருமான வரி கட்ட வேண்டியிருக்காது. "அண்ணன் செய்யும் உதவி" என்று சொல்லாதீர்கள், "உன் பங்கு" என்றே சொல்லுங்கள். இத்தனை வருஷம் ஏன் மறைத்தீர்கள் என்று அவர் கேட்கலாம், அழலாம், உள்ளே எழுந்து போய்விடலாம். அவர் திரும்பி வரும்வரை உட்கார்ந்திருங்கள். அவருக்குக் கூலி போகாத விடுமுறை நாளாகப் பார்த்துப் போங்கள். காரை அவர் வீட்டு வாசலிலேயே நிறுத்துங்கள்.