ஓஆர்எஸ் கரைசலில் சர்க்கரை எதற்கு?

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, ஓஆர்எஸ் என்கிற உப்பு-சர்க்கரைக் கரைசலில் சர்க்கரை வேண்டாம், வெறும் உப்புத் தண்ணீர் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாதுங்க, தயவுசெய்து அப்படிக் கொடுக்காதீர்கள்.

சிறுகுடல் செல்லின் சவ்வில் ஒரு புரதம் இருக்கிறது. உப்பிலுள்ள இரண்டு சோடியம் அயனிகளும், கரைசலின் சர்க்கரையான குளுக்கோஸின் ஒரு மூலக்கூறும் சேர்ந்து வந்தால்தான் அது உள்ளே விடும். செல்லின் மறுபக்கத்தில் உள்ள பம்ப், செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து சோடியத்தை இரத்தப் பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பதால், செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவு. அந்த இழுப்பில்தான் குளுக்கோசும் உள்ளே வருகிறது. இவை போகிற பக்கம் தண்ணீரும் சவ்வூடு பரவலால் பின்னாலேயே போகும். காலராவில்கூட இந்த வழி அடைபடுவதில்லை. 1971இல் மேற்கு வங்கத்தின் பன்கான் அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் குழு இந்த வழியை நம்பி, ஓஆர்எஸ் கரைசலைக் கொடுத்துத்தான் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது.

அப்புறம், ஒரு லிட்டருக்கான ஓஆர்எஸ் பாக்கெட்டை அரை லிட்டர் தண்ணீரில் கலக்கியதாகச் சொன்னீர்களே, எனக்குக் கவலையே அதுதான். கரைசல் அடர்த்தியானால் உடம்பிலிருந்து தண்ணீர் குடலுக்குள் இழுக்கப்பட்டு, போக்கு அதிகமாகும். இப்போதே அதைக் கொட்டிவிட்டு, காய்ச்சி ஆறிய தண்ணீர் முழு லிட்டரில் புதிதாகக் கலக்குங்கள். ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். கண் குழிந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ காத்திருக்காமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.