82 கிலோவில் தொடங்கிய கர்ப்பம்: எடை ஏறவில்லையே என்று பயப்பட வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 27. தக்கலைப் பக்கம். உயரம் 158 செ.மீ. கர்ப்பமாவதற்கு முன் 82 கிலோ இருந்தேன். முதல் மூன்று மாதமும் வாந்தி. 12-வது வாரத்தில் எடை 78.5-க்கு இறங்கிவிட்டது. இப்போது 19-வது வாரம், 79.5 கிலோ. டாக்டர் “ரொம்ப ஏறாமல் பார்த்துக்கோங்க” என்கிறார். மாமியோ, “ரெண்டு உயிருக்குத் தின்னாண்டாமா, பிள்ளை மெலிஞ்சு போகுமே” என்று கிழங்கும் சோறுமாக வைத்துக்கொண்டே இருக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: உங்கள் கணக்கில் பயப்படும்படி எதுவும் இல்லை. வாந்தியால் எடை 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால்தான் எங்களுக்குக் கவலை அதிகம். 82 கிலோவுக்கு அது 4.1 கிலோ. உங்களுக்குக் குறைந்தது 3.5. அதுவும் வாந்தி நின்றதும் திரும்ப ஏறத் தொடங்கிவிட்டது.

எடையை மீட்டர் கணக்கிலான உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது பி.எம்.ஐ. உங்களுக்கு அது கிட்டத்தட்ட 33. நம் நாட்டுப் பெண்களுக்கு 23-ஐத் தாண்டினாலே நாங்கள் கூடுதலாகக் கவனிக்கத் தொடங்குவோம். ஏனென்றால் நமக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுகிறது. கர்ப்பத்தில் எவ்வளவு ஏறலாம் என்பதற்குப் பெரும்பாலான டாக்டர்கள் பார்ப்பது 2009-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் அட்டவணை. அதன்படி பி.எம்.ஐ. 18.5 முதல் 25-க்குள் இருப்பவர்கள் 11.5 முதல் 16 கிலோ வரை ஏறலாம். 25 முதல் 30-க்குள் என்றால் 7 முதல் 11.5. 30-ஐத் தாண்டியவர்களுக்கு 5 முதல் 9 கிலோ போதும்.

ஏன் இவ்வளவு குறைவு? பிரசவ நேரத்தில் உடம்பில் புதிதாகச் சேர்ந்திருப்பதைக் கூட்டிப் பாருங்கள். குழந்தை 3 கிலோ, நஞ்சுக்கொடி அரை கிலோவுக்கு மேல், பனிக்குட நீர் முக்கால் கிலோவுக்கு மேல், பெரிதான கர்ப்பப்பை ஏறக்குறைய ஒரு கிலோ, கூடுதல் ரத்தம் ஒன்றேகால் கிலோ போல, மார்பகம் அரை கிலோவை ஒட்டி, அப்புறம் உடம்பில் தங்கும் நீர். எல்லாம் சேர்ந்து எட்டு, ஒன்பது கிலோ வரும். இதற்கு மேல் ஏறுவது பெரும்பாலும் அம்மாவின் கொழுப்புதான். ஒல்லியான பெண்ணுக்குப் பால் கொடுக்க அந்தச் சேமிப்பு தேவை. உங்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. தராசில் 5 கிலோ மட்டும் ஏறுகிறதென்றால், குழந்தைக்குக் குறை வைக்காமல், உங்கள் பழைய கொழுப்பில் கொஞ்சம் செலவாகிறது என்று அர்த்தம். மாமியின் பயத்துக்குப் பதில் இதுதான்.

இனிமேல் வாரத்துக்குச் சுமார் 220 கிராம், மாதத்துக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக ஏறினால் போதும். அப்படிப் போனால் பிரசவத்தின்போது 84 கிலோவை ஒட்டி இருப்பீர்கள். அட்டவணைப்படி குறைந்தது 87 கிலோ வர வேண்டும். ஸ்கேனில் குழந்தை சரியாக வளர்கிறதென்றால், அந்த 3 கிலோவை எட்டிப் பிடிக்கக் கூடுதலாகச் சாப்பிட வேண்டாம். அதற்காக இதுதான் சமயம் என்று டயட் இருந்து எடையைக் குறைக்கவும் கூடாது. எடை குறைக்கும் பவுடர், கஷாயம் எதையும் தொடவே வேண்டாம்.

தராசைப் பற்றியும் சொல்ல வேண்டும். போன மாதம் ஒரு பெண் அட்டையை நீட்டினாள். ஒரே வாரத்தில் மூன்று எடை: ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒன்று, தனியார் கிளினிக்கில் ஒன்று, மருந்துக் கடையில் ஒன்று. இரண்டு கிலோ வித்தியாசம். செருப்போடு, தோளில் பையோடு ஏறி நின்றிருக்கிறாள். ராத்திரியெல்லாம் தூங்கவில்லை என்று அழுதாள். ஒரே தராசு, காலை வேளை, செருப்பும் பையும் இல்லாமல், வாரம் ஒரு தடவை. அதற்கு மேல் பார்க்காதீர்கள்.

சரி, சாப்பாடு. இரண்டு பேருக்கான சாப்பாடு தேவையே இல்லை. நான்காம் மாதத்திலிருந்து தினமும் கூடுதலாக 350 கலோரி போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. ஒரு டம்ளர் பால், ஒரு முட்டை, ஒரு கைப்பிடி சுண்டல், அவ்வளவுதான். உங்களைப் போலக் கையிருப்பு உள்ளவர்களுக்கு அதிலும் குறைத்துக்கொள்ளலாம்.

நம் மாவட்டத்துச் சாப்பாட்டில் இடறுவது மரச்சீனியில்தான், அதாவது மரவள்ளிக் கிழங்கில். அவித்த கிழங்கு 100 கிராமில் மாவுச்சத்து 38 கிராம் போல. அதே அளவு சோற்றில் 28 கிராம் போல. புரதமோ கிழங்கில் சோற்றைவிடவும் குறைவு. கிழங்கை விட்டுவிடச் சொல்லவில்லை. நான் சொன்னாலும் யார் கேட்கப் போகிறார்கள்! கிழங்கு வைத்தால் அந்த வேளை சோறு வேண்டாம். தட்டில் கிழங்கு கால் பங்கு, மீன் கால் பங்கு, மீதிப் பாதி தோரன், கீரை, அவியல். மீனில் சாளை, அயிலை, நெத்தோலி மிக நல்லது. சுறாவும் பெரிய நெய்மீனும் வேண்டாம், அவற்றில் பாதரசம் அதிகம். பொரிக்காமல் குழம்பாக வையுங்கள், தேங்காய் அரைப்பதைப் பாதியாக்குங்கள். புட்டுக்குப் பழத்துக்குப் பதில் பயறு சேருங்கள். பழம் ஆசை என்றால் முழு ஏத்தம்பழத்தைவிடச் சின்ன மட்டிப்பழம் ஒன்று போதும். பழம்பொரி, ஏத்தங்காய் சிப்ஸ் எப்போதாவது. நாலு வேளை டீயில் இரண்டிரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டால் அதுவே 160 கலோரி ஆகிவிடும். கருப்பட்டி போட்டாலும் இதே கதைதான். அரசு தரும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் இருக்கும் நெய்யை வீட்டில் மற்றவர்களும் சாப்பிடட்டும், தப்பில்லை. இரும்புச் சத்து டானிக்கை மட்டும் நீங்களே குடியுங்கள்.

தினமும் அரை மணி நேரம் நடங்கள், பேச முடிகிற வேகத்தில். மழை பெய்தால் வீட்டு வராந்தாவில்.

எடையைவிட எனக்கு முக்கியம் வேறு இரண்டு. ஒன்று, சர்க்கரை. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தத்தில் 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. முதல் செக்கப்பில் இந்தச் சோதனை நன்றாக வந்திருந்தாலும் 24 முதல் 28-வது வாரத்துக்குள் மறுபடி செய்தே ஆக வேண்டும். இரண்டாவது, ரத்த அழுத்தம். கை பருமனாக இருந்து, சின்னப் பட்டையைச் சுற்றி அளந்தால் இல்லாத அழுத்தம் இருப்பதாகக் காட்டும். “பெரிய பட்டை இருக்கா சிஸ்டர்?” என்று கூச்சப்படாமல் கேளுங்கள். வயிற்றில் கொழுப்பு இருந்தால் டேப் வைத்துக் குழந்தையின் வளர்ச்சியை அளப்பதும் சரியாக வராது. அதனால் ஏழாம் மாதத்துக்குப் பிறகு வளர்ச்சி ஸ்கேன் தேவையா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறி, முகமும் கையும் வீங்கினால் அது சாப்பாட்டால் வந்ததாக இருக்காது. அதோடு விடாத தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்றில் வலி, அழுத்தம் 140/90 என்று எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாந்தி திரும்பி, தண்ணீர்கூட நிற்காமல் போனாலும், பின்னால் குழந்தையின் அசைவு குறைந்தாலும் அப்படியே. ராத்திரி என்று பார்க்காதீர்கள்.

அடுத்த ஸ்கேனுக்கு மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள். குழந்தையின் எடை இத்தனை கிராம் என்று டாக்டர் அவரிடமே சொல்லட்டும்.