ஊமல் கரி வினையூக்கி இரண்டாம் தரம் ஏன் படுத்துவிடுகிறது?

தம்பி, கிளிநொச்சியில் ஊமல் (கிழங்கு எடுத்தபின் மிஞ்சும் பனங்கொட்டை) கரியைச் சல்பூரிக்கமிலத்தில் காய்ச்சி, பழைய பொரித்த எண்ணெயில் பயோடீசல் எடுத்தீர்கள், இரண்டாம் தரம் வினை நடக்கவில்லை என்கிறீர்கள். எனக்குக் கரியில்தான் சந்தேகம். முற்ற எரிந்த கரி அடுப்புக்கு நல்லது, இதற்கு ஆகாது. அதன் காபன் தாள்கள் பெருத்து இறுகிவிடும். வினையை ஊக்கும் அமிலப் பகுதியான சல்போனிக் தொகுதி பிடிக்க விளிம்பு போதாது. 2005இல் சர்க்கரையை வைத்து இதைச் செய்துகாட்டிய ஜப்பானியர்கள் வேண்டுமென்றே அரைகுறையாகத்தான் கரியாக்கினார்கள். ஊமலை நைதரசனில் 400 பாகை செல்சியஸ் அளவில் நிறுத்திப் பாருங்கள்.

அப்புறம், முதல் தரம் வேலை செய்தது கரியில் கழுவப்படாமல் மிஞ்சிய அமிலமாகவும் இருக்கலாம்; அது அப்போதே கரைந்து போயிருந்தால் இரண்டாம் தரத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. கொதிநீரில் கழுவி, அந்த நீரில் இரண்டு சொட்டுப் பேரியம் குளோரைட்டு விடுங்கள். வெள்ளையாகக் கலங்கினால் அமிலத்தின் சல்பேற்று இன்னும் வருகிறது, மறுபடி கழுவ வேண்டும். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், அதிலேயே சல்பேற்று இருக்கும். காய்ச்சி வடித்த நீர்தான் சரி.