ஹாலில் வையுங்கள்

கேள்வி: பத்தாவது படிக்கும் மகனுக்காக கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறோம். மொட்டை மாடியில் ஷீட் போட்ட அறையில் வைத்தால் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகப் படிப்பான் என்கிறார் கணவர். ஹாலில் வைத்தால் டி.வி. சத்தம். எட்டாவது படிக்கும் மகளும் பக்கத்தில் வந்து நின்று தொல்லை செய்வாள். எங்கே வைப்பது நல்லது?
– ஒரு வாசகி, சத்துவாச்சாரி, வேலூர்

பதில்: ஹாலில் வையுங்கள். மாடி அறை வேண்டவே வேண்டாம்.

வேலூரில் இருந்துகொண்டு ஷீட் கூரைக்குக் கீழே கம்ப்யூட்டரா? அக்னி நட்சத்திரத்தில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர் நம்முடையது. பகலெல்லாம் காய்ந்த மலைப்பாறை, விளக்கு வைத்த பிறகும் அனலை விடுவது உங்கள் தெருவில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பல கம்ப்யூட்டர்களுக்கு, சுற்றியுள்ள சூடு 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்களே எழுதியிருக்கிறார்கள். உள்ளே சூடு ஏறினால் சிப் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ரொம்பவும் போனால் மெஷின் தானாகவே அணைந்துவிடும்.

ஹாலிலும் மேற்குச் சுவர் ஆகாது. சாயங்காலம் அதில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், தெரியும். ஜன்னல் பக்கவாட்டில் வருகிற மாதிரி மேஜையைப் போடுங்கள். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் திரை கண்ணாடி மாதிரி மின்னும்; எதிரே இருந்தால் கண் கூசும். திரை ஒரு கை நீளம் தள்ளி, அதன் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு இருந்தால் போதும்.

கேபினெட்டை, அதாவது கம்ப்யூட்டரின் பாகங்கள் இருக்கும் பெட்டியை, சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் இடமாவது விடுங்கள். எங்கள் வீட்டில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே சொருகி வைத்திருந்ததை இரண்டு வருஷம் கழித்துத் திறந்தோம். விசிறியின் இறக்கையே தெரியவில்லை, கம்பளி மாதிரி தூசி. உங்களுக்கோ பக்கத்திலேயே நெடுஞ்சாலை. அதனால் மாதம் ஒரு முறை துடையுங்கள்.

அப்புறம், மூன்று பின் பாயிண்டில் எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பாருங்கள். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்றால், அதைச் சரி செய்யும்வரை பிள்ளையை அதன் முன்னால் உட்கார வைக்காதீர்கள்.

சரி, டி.வி. சத்தம். அதை அணைக்க வேண்டியது நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும்தான். பிள்ளை படிக்கிற ஒன்றரை மணி நேரம் சீரியல் இல்லாமல் இருக்க முடியாதா? பதினைந்து வயதுப் பையனை இன்டர்நெட்டோடு மாடியில் தனியாக விட்டுவிட்டு, கீழே உட்கார்ந்து கவலைப்படுவதைவிட இது சுலபம். திரை நடமாட்டம் இருக்கும் பக்கம் பார்த்து இருக்கட்டும். உளவு பார்க்கச் சொல்லவில்லை. காபி கொடுக்கப் போகும்போது, "என்னடா அது?" என்று நீங்கள் கேட்கவும், அவன் திரும்பிச் சொல்லவும் வழி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது ஒரே ஒரு வார்த்தை. அண்ணன் கம்ப்யூட்டர் பார்க்கும்போது பக்கத்தில் வந்து நிற்கிற பெண்ணைத் "தொல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் கற்றுக்கொள்ள வந்து நிற்கிறாள், அம்மா. இன்னும் இரண்டு வருஷத்தில் அவளுக்கும் பத்தாவது. மெஷின் மாடிக்குப் போனால் அது அவன் சொத்தாகிவிடும். ஹாலில் இருந்தால்தான் அவளுக்கும் பங்கு. மேஜைக்கு இரண்டு நாற்காலி போடுங்கள். யாருக்கு எந்த நேரம் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். முதல் வரியில் அவள் பெயர் இருக்கட்டும்.