ஏழு சட்டக் கல்லூரிகளும் நிராகரித்துவிட்டன, மறுபடி பணம் போடலாமா?

கேள்வி: நான் அமெரிக்கக் குடிமகள், வயது 26. ஒரு வக்கீல் அலுவலகத்தில் பாராலீகலாக (வக்கீல்களுக்கு உதவியாளராக) இருக்கிறேன். போன பிப்ரவரியில் ஏழு சட்டக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தேன். எல்சாட் (சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு) மதிப்பெண் 158. ஒன்றிலும் இடமில்லை. சேமிப்பு 22,000 டாலர் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் படிக்கவா? விண்ணப்ப ஆலோசகர் ஒருவர் 6,000 டாலர் கேட்கிறார், கொடுக்கலாமா? படிப்புச் செலவில் குறையும் மீதிக்கு வீட்டை வைத்துக் கடன் வாங்கித் தருவதாக அப்பா சொல்கிறார்.

பதில்: முதலில், வேலையை விடாதீர்கள். சம்பளமும் போய், சேமிப்பும் கரைந்து கல்லூரிக்குள் நுழைந்தால், அந்தப் பள்ளத்தையும் கடன் வாங்கித்தான் நிரப்ப வேண்டியிருக்கும்.

ஆலோசகரும் வேண்டாம் என்பேன். பட்டம் முடித்துவிட்டதால் உங்கள் ஜிபிஏ (பட்டப் படிப்பின் சராசரி மதிப்பெண்) இனி மாறாது. மாற்றக்கூடிய ஒரே எண் எல்சாட். இடம் கிடைப்பதும் உதவித்தொகை கிடைப்பதும் பெரும்பாலும் அந்த இரண்டு எண்களைப் பொறுத்தவை. ஒரே ஆள் பலமுறை எழுதியிருந்தால், கல்லூரிகள் தங்கள் புள்ளிவிவரத்தில் காட்டுவது அதிகபட்ச மதிப்பெண்ணைத்தான். அதனால் மறுபடி எழுதுவதில் பெரிய ஆபத்து இல்லை. அந்த 6,000-இல் ஒரு பங்கைத் தேர்வுப் பயிற்சிக்குச் செலவிடுங்கள். 2024 ஆகஸ்டிலிருந்து லாஜிக் கேம்ஸ் என்ற தர்க்கப் புதிர்ப் பகுதியே தேர்வில் கிடையாது. பழைய புத்தகங்களை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள்.

அப்புறம், பிப்ரவரி ரொம்பத் தாமதம். பெரும்பாலான கல்லூரிகள் செப்டம்பர் வாக்கில் விண்ணப்பங்களைத் திறந்து, வர வர முடிவெடுக்கின்றன. கடைசியில் போகிறவருக்கு இடமும் குறைவு, உதவித்தொகையும் குறைவு. விண்ணப்பத்தோடு அனுப்பிய பழைய கட்டுரையையே திரும்ப அனுப்பாதீர்கள். சென்ற ஆண்டு விண்ணப்பம் அவர்களிடமே இருக்கலாம்.

இனி கடன். முன்பெல்லாம் கிராட் பிளஸ் என்ற அரசுக் கடனில் மொத்தச் செலவையும் வாங்கிவிடலாம். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு அது கிடையாது. சட்டப் படிப்புக்கு மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், அவ்வளவுதான். பல பெரிய கல்லூரிகளில் கல்விக் கட்டணம் மட்டுமே 70,000-ஐத் தாண்டுகிறது. இடைவெளிக்குத் தனியார் கடன் என்றால் பெரும்பாலும் இன்னொருவர் கையெழுத்தும் கேட்பார்கள். அங்கேதான் அப்பா வருகிறார்.

அவர் வீட்டைத் தொடாதீர்கள். அரசுக் கடனில் வருமானத்துக்கேற்பத் தவணை கட்டலாம். அரசு வேலையிலோ லாபநோக்கற்ற அமைப்பிலோ இருந்துகொண்டு 120 தகுதியான தவணைகள் கட்டினால் மீதி தள்ளுபடியாகும். வீட்டுக் கடனில் இந்தச் சலுகை எதுவும் இல்லை. வக்கீல் உரிமத்துக்கான பார் தேர்வில் ஒருமுறை தவறினாலும் மாதத் தவணை நிற்காது.

உதவித்தொகை கிடைத்தால் நிபந்தனையைப் படியுங்கள். முதலாண்டில் இவ்வளவு ஜிபிஏ இருந்தால்தான் தொடரும் என்று சில கல்லூரிகள் வைத்திருக்கும். அங்கே இத்தனை பேருக்குத்தான் உயர்ந்த மதிப்பெண் என்று வகுப்புக்குள் பங்கிட்டுத் தரப்படுவதால், நன்றாகப் படித்தும் இழப்பவர்கள் உண்டு. அப்படி எத்தனை பேர் இழந்தார்கள் என்பதை அந்தக் கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிட்டாக வேண்டும் என்பது ஏபிஏ (அமெரிக்க வக்கீல் சங்கம்) விதி. கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த அட்டவணையைப் பாருங்கள்.