மரத்தளமும் முன்பணமும்

கேள்வி: நியூயார்க்கில் ஓக் மரத்தளம் போட்ட அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோகிறோம். தளத்தில் 80 சதவீதத்தைக் கம்பளத்தால் மூட வேண்டும் என்கிறது ஒப்பந்தம். இது சட்டமா? கீறல் விழுந்தால் முன்பணம் போய்விடுமா?

பதில்: சட்டம் அன்று, காலடி ஓசை கீழ்வீட்டாரைத் தொல்லைப்படுத்தாதிருக்க அந்நகரில் வழக்கமாகச் சேர்க்கப்படும் நிபந்தனைதான் என்றாலும், கையெழுத்திட்டபின் அது உங்களைக் கட்டுப்படுத்தும். கம்பளத்தின் அடியில் ரப்பர் விரிப்பு வேண்டாம். மேற்பூச்சில் கறை படியக்கூடும். கம்பளி நார் விரிப்பே நல்லது.

நம் வீடுகளைப் போல் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதை அறவே தவிருங்கள். ஈரம் ஊறிய பலகைகளின் ஓரங்கள் மேலெழும்பிவிடும், அதைச் சரிசெய்யும் செலவு உங்கள் தலையில் விழும். நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும்.

2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி முன்பணம் ஒரு மாத வாடகையைத் தாண்டக் கூடாது. இயல்பான தேய்மானத்துக்காக அதில் பிடித்தம் செய்யவும் கூடாது. ஆனால் கட்டிலை இழுத்ததால் விழுந்த ஆழமான கீறல் தேய்மானமாகாது. குடிபுகுமுன் வீட்டைப் பார்வையிட உரிமையாளர் வாய்ப்பளிக்க வேண்டும். அப்போதே பழைய கீறல்களைத் தேதியுடன் படமெடுத்து, எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள். காலி செய்தபின் பிடித்தங்களின் விவரப் பட்டியலை அவர் 14 நாட்களுக்குள் தர வேண்டும். தவறினால் பிடித்தம் செய்யும் உரிமையை இழப்பார்.