கப்பலேறிய புகைப்படங்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

துருக்கியின் ஸ்மிர்னா நகரத்தில், இன்றைய இஸ்மிரில், நூறாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பிரிட்டிஷ் வணிகக் குடும்பத்தின் பழைய புகைப்படங்களை இணையத்தில் கண்டேன். தோட்டத்தில் தேநீர், டென்னிஸ் மட்டையுடன் பெண்கள், கழுதைமேல் குழந்தைகள். ஓர் இரவு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் வெட்கமாக இருந்தது. நம் ஊட்டித் துரைகளின் படங்களைப் பார்த்து ஏங்குவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? 1922இல் எரிந்துபோன நகரத்துக்கு எஞ்சிய சாட்சி இவைதாமே என்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். இத்தகைய படங்களை ரசிப்பது சரியா? என் தாத்தா விட்டுச்சென்ற புகைப்படங்களையும் ஸ்கேன் செய்ய எண்ணியிருக்கிறேன். எந்த ஸ்கேனர் நல்லது?

ஆர்.எஸ்., கோவை

அன்புள்ள ஆர்.எஸ்.,

ஸ்கேனரைப் பற்றிக் கடைக்காரரிடம் கேளுங்கள். ரசிப்பது சரியா என்று என்னிடம் அனுமதி கேட்பதும் வேண்டாத வேலை. ஓர் இரவு முழுக்க ரசித்து முடித்த பிறகுதானே எழுதியிருக்கிறீர்கள். அந்த நகரத்தைப் பற்றிச் சில காலமாக நானும் படித்துவருவதால், எஞ்சிய சாட்சி இவைதாம் என்று நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரியை மட்டும் என்னால் கடந்துபோக முடியவில்லை.

முதலில் ஊட்டித் துரைகளை அவர்கள் இடத்திலேயே விட்டுவிடுங்கள். எந்த வெள்ளைக்காரன் படத்தைப் பார்த்தாலும் உடனே நீலகிரிக்கு ஓடிவரும் இந்தப் பழக்கம் நம் வாசகர்களிடம் ஒரு நோய்போல ஆகிவிட்டது. ஸ்மிர்னா ஒருபோதும் பிரிட்டனின் காலனியாக இருந்ததில்லை. 1581இல் முதலாம் எலிசபெத் அரசி அளித்த சாசனத்தின் வழியே உஸ்மானியப் பேரரசில் வணிகம் செய்யத் தொடங்கிய லெவன்ட் கம்பெனி என்ற ஆங்கில வணிக நிறுவனம் 1825இல் கலைக்கப்பட்ட பின்னும், அதன் நிழலில் அங்கே வேர்விட்ட குடும்பங்கள் நகரவில்லை. சார்ல்டன் விட்டோல் என்பவர் 1809இல் லிவர்பூலிலிருந்து வந்தவர். அவருடைய குடும்பம் புர்னபாத்தில், அதாவது இன்றைய போர்னோவாவில், வாழ்ந்த வீட்டுக்கு 1863இல் சுல்தான் அப்துல் அஜீஸே விருந்தினராக வந்தார். 1906இல் ஏதென்ஸில் நடந்த விளையாட்டுப் போட்டிகளில் ஸ்மிர்னாவின் பெயரில் ஆடி இரண்டாம் இடம் பெற்ற கால்பந்து அணியில் ஐந்து பேர் விட்டோல் குடும்பத்தினர். அத்திப்பழத்தையும் உலர்திராட்சையையும் கப்பலேற்றி வாழ்ந்த இத்தகைய வீடுகளில் பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு முன்பே செவிலியிடமிருந்து கிரேக்கம் கற்றார்கள். பணிக்காலம் முடிந்ததும் சீமைக்குத் திரும்பும் அதிகாரியின் வாழ்க்கையல்ல அது.

அதற்காக அவர்களை அப்பாவிகள் என்று நான் சொல்லவில்லை. சுல்தான்கள் ஐரோப்பிய அரசுகளுக்கு அளித்த சலுகை உடன்படிக்கைகளின்படி, பிரிட்டிஷ் பிரஜை ஒருவனை பிரிட்டிஷ் தூதரக நீதிமன்றமே விசாரித்தது. அண்டைவீட்டுக் கிரேக்கனுக்கும் துருக்கியனுக்கும் இல்லாத ஒரு கூரை அவன் தலைக்கு மேலே எப்போதும் இருந்தது. அந்தப் பிரஜாவுரிமைக் காகிதம்தான் நீங்கள் இரவெல்லாம் பார்த்த படங்களையும் காப்பாற்றியது என்பது என் வாதம். இதை நான் சற்று விரித்தே சொல்லவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1922 செப்டம்பர் 9 அன்று, அதுவரை கிரேக்கப் படையின் வசம் இருந்த நகருக்குள் துருக்கியப் படை நுழைந்தது. 13ஆம் தேதி ஆர்மீனியர் பகுதியில் பிடித்த தீ, கிரேக்கர் பகுதியையும் கடற்கரையை ஒட்டிய ஐரோப்பியர் பகுதியையும் நாள்கணக்கில் தின்றது. (யார் வைத்த தீ என்ற சண்டைக்குள் நான் இறங்கப்போவதில்லை. அது இன்றும் ஓயவில்லை. அதைப் பற்றிக் கேட்டு யாரும் கடிதம் எழுதவேண்டாம்.) துறைமுகத்தில் பிரிட்டன், பிரான்ஸ் முதலிய நேச நாடுகளின் போர்க்கப்பல்கள் நின்றன, தொடக்கத்தில் அவற்றுக்கு இடப்பட்ட ஆணை, தத்தம் பிரஜைகளை மட்டும் ஏற்றிக்கொள்ளவேண்டும் என்பதே. கடற்கரைச் சாலையில் நெருப்புக்கும் நீருக்கும் நடுவே மனிதர்கள் நெருக்கியடித்து நின்ற பிறகுதான், பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி பிராக் மற்றவர்களையும் ஏற்றப் படகுகளை அனுப்பினார்.

இங்கே செல்வத்தையும் காகிதத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மால்டா பிரிட்டனின் ஆளுகையில் இருந்ததால் ஸ்மிர்னாவில் வாழ்ந்த மால்டாக்காரர்களும் பிரிட்டிஷ் பிரஜைகளே. அவர்களில் கைப்பாடுபட்டுப் பிழைத்தவனுக்கும் கப்பலில் இடம் கிடைத்தது. மாளிகை கட்டி வாழ்ந்த ஆர்மீனிய வணிகனுக்கு முதல் நாள்களில் கிடைக்கவில்லை. அத்துடன், புர்னபாத் நகருக்கு வெளியே கிளை ரயில் போகும் தூரத்தில் இருந்தது. தீ அங்கே எட்டவில்லை. கொள்ளை நடந்தது உண்மை. ஆனால் வெள்ளிக் கரண்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் ஆல்பத்தை எதற்குத் தூக்கப்போகிறான்? உரிமையாளர்களில் பலர் பின்னர் திரும்பிவந்து அதே வீடுகளில் வாழவும் செய்தார்கள்.

அன்றைய ஸ்மிர்னாவில் ரூபெல்லின் என்று ஒரு புகழ்பெற்ற பிரெஞ்சுக்காரரின் ஸ்டூடியோ இருந்தது. கெட்டி அட்டையில் ஒட்டிய படம், கீழ்விளிம்பில் அச்சிட்ட ஸ்டூடியோ பெயர். அத்தகைய ஸ்டூடியோக்களில் ஒரே திரைக்கு முன்னால், ஒரே செதுக்கு நாற்காலியின் முதுகில் கைவைத்து, திங்கட்கிழமை ஓர் ஆங்கிலப் பெண் நின்றிருப்பாள். செவ்வாய்க்கிழமை ஓர் ஆர்மீனியப் பெண் நின்றிருப்பாள். முதல் படம் புர்னபாத்துக்குப் போயிற்று; இரண்டாவது படம் எரியப்போகும் தெருவுக்குப் போயிற்று. தீக்குச் சில நாள்கள் முன்பு பின்வாங்கிக்கொண்டிருந்த கிரேக்கப் படை மனிசா நகரத்தைக் கொளுத்தியது. அங்கே சாம்பலானவற்றில் துருக்கிய வீடுகளின் படங்களும் எத்தனை இருந்திருக்கும்! எதுவுமே தப்பவில்லை என்று சொல்லமாட்டேன்; மூட்டைக்குள் ஒன்றிரண்டு படங்களைச் செருகிக்கொண்டு கிரேக்கத் துறைமுகமான பிரேயஸில் இறங்கிய குடும்பங்கள் உண்டு. ஆனால் பிறந்தநாள், சுற்றுலா, டென்னிஸ் என்று வரிசை குலையாத ஆல்பங்கள் பெரும்பாலும் ஒரு சாராரிடமே எஞ்சின. அதனால்தான் கிரேக்கரும் துருக்கியரும் ஆர்மீனியரும் யூதரும் நிறைந்த ஒரு துறைமுகம், உங்கள் நினைவில் வெள்ளை உடை அணிந்த சிலரின் தேநீர் விருந்தாகப் பதிந்துவிட்டது. நீங்கள் அதை நகரத்தின் சாட்சி என்கிறீர்கள்.

உங்கள் வெட்கத்துக்கும் ஒரு வார்த்தை. அது நல்ல மனத்திலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் அதனால் யாருக்கும் பயனில்லை. மறுபடி அந்தப் படங்களிடம் போங்கள். கழுதைமேல் அமர்ந்த குழந்தையை விழாமல் ஒரு கை பிடித்திருக்கும். தலைமுக்காடிட்ட அந்தச் செவிலி பெரும்பாலும் கிரேக்கத்தியாக இருப்பாள். வாசற்படியில், பூவேலை செய்த மேற்சட்டையும் இடுப்பில் ஆயுதமுமாக ஒரு கவாஸ் நிற்பான்; தூதரகங்களிலும் பெருவணிகர் வீடுகளிலும் காவல் நின்றவன். அந்தச் செவிலியின் வீடு தீப்பிடித்த பகுதியில் இருந்திருந்தால், அவளுடைய முகம் இவ்வுலகில் எஞ்சியிருக்கும் ஒரே இடம் அவளுடைய எஜமானர்களின் ஆல்பமாக இருக்கலாம். அவளுடைய பேரன் பேத்திகள் ஏதென்ஸின் ஏதோ ஒரு புறநகரில் அவள் எப்படியிருந்தாள் என்று தெரியாமலே வாழ்ந்திருக்கலாம். நீங்கள் வெட்கப்பட்டு அந்த ஆல்பத்தை மூடினால் அவளையும் சேர்த்தே மூடுகிறீர்கள் ஐயா.

தாத்தாவின் படங்களை ஸ்கேன் செய்யும்போது பின்புறத்தையும் எடுங்கள். முன்புறத்தை மட்டும் பளபளப்பாக எடுத்துவைத்துக்கொண்டு திருப்தியடைகிறவர்களே அதிகம். ஸ்டூடியோவின் முத்திரை, தேதி, பென்சிலில் கிறுக்கிய ஒரு பெயர் எல்லாம் அங்கேதான் இருக்கும். குடும்பத்தார் அல்லாத முகங்களை வெட்டிவிட்டு அளவு சரிசெய்யும் வேலையையும் தயவுசெய்து செய்யாதீர்கள். அவர்கள் யார் என்று சொல்லக்கூடிய பெரியவர் வீட்டில் யாராவது இருந்தால், ஸ்கேனர் வாங்குவதற்கு முன் அவரிடம் போய் உட்காருங்கள்.